கொடியில் நம் நிறம்

"மூவண்ணக் கொடியில் நம்முடைய நிறம் எது?" என்று பள்ளியிலிருந்து திரும்பும் பிள்ளை வினவினால், பச்சை என்று விடை கூறி மகிழாத வீடு நம்மிடையே குறைவு. காவி இந்துக்களுக்கு, பச்சை முஸ்லிம்களுக்கு, வெண்மை ஏனையோர்க்கு என்பது வகுப்பறைகளிலும் வழங்கிவரும் பாடமே. ஒற்றுமையை வளர்க்கும் எண்ணத்துடனேயே ஆசிரியர்கள் அதனைச் சொல்கின்றனர். நல்லெண்ணத்துடன் சொல்லப்படும் ஒன்றை நாம் ஏன் மறுக்க வேண்டும்?

அவ்விளக்கம் எவரோ கட்டிவிட்ட கதையன்று. 1921-இல் பிங்கலி வெங்கையா செந்நிறமும் பச்சையும் கொண்ட கொடியொன்றை விஜயவாடாவில் காந்தியடிகளிடம் அளித்தார். அவ்விரு நிறங்களும் இரு பெருஞ் சமுதாயங்களைக் குறித்தன. ஏனையோர்க்கென வெண்மையைச் சேர்க்கச் சொன்னவர் அடிகள். ஆனால், சமயத்துக்கொரு நிறம் என்று வகுத்ததும், எங்கள் நிறம் எங்கே என்று சீக்கியர் கேட்டனர். கேட்டதில் பிழையில்லை, 'ஏனையோர்' என்னும் சொல்லுக்குள் அடங்கிக் கிடக்க எவர்தாம் விரும்புவர்?

1931-இல் இதனை ஆராய எழுவர் குழு அமைந்தது. மௌலானா ஆசாதும் மாஸ்டர் தாராசிங்கும் அதில் இருந்தனர். காவி நிறம் ஒன்றே போதும் என்றது குழு. காங்கிரஸோ அதனை ஏற்காமல், அவ்வாண்டு ஆகஸ்டில் காவி, வெண்மை, பச்சை என்னும் மூவண்ணத்தை ஏற்று, நிறங்களுக்குச் சமயப் பொருள் இல்லையென அறிவித்தது. காவி துணிவையும் தியாகத்தையும், வெண்மை வாய்மையையும் அமைதியையும் குறிக்கலாயின. பச்சை நம்பிக்கையைக் குறித்தது. 1947 ஜூலை 22-இல் ராட்டைக்கு மாற்றாக அசோகச் சக்கரம் பொறித்து அரசியல் நிர்ணய சபை ஏற்ற கொடிக்கும் சமயப் பொருள் கிடையாது.

பச்சை நமதென்பதில் நமக்கு உள்ளூர ஒரு பெருமிதம் உண்டு, மறைப்பானேன்? அப்பெருமிதத்தின் விலையைத்தான் நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. மூன்றில் ஒரு பட்டையைத் தனதெனப் பெற்றுக்கொண்ட பிள்ளை, மற்ற இரண்டையும் பிறர்க்கென விட்டுக்கொடுத்து விடுகிறான். துணிவும் வாய்மையும் அவனுக்கு வேண்டாவோ? பின்னொரு நாள் எவரேனும், "இந்நாட்டில் உன் பங்கு இவ்வளவே" என்று அவனிடம் சொன்னால் என்ன மறுமொழி கூறுவான்? அந்தக் கணக்கை அவனுக்கு முதன்முதலில் கற்பித்தவர்கள் நாமாக அன்றோ இருப்போம்!

ஆதலின், பிள்ளை கேட்கும்போது 1921-ஐ மறைக்க வேண்டுவதில்லை. 1931-ஐயும் சேர்த்தே சொல்வோம். அடுத்த வீட்டுப் பிள்ளையும் உடனமர்ந்து கேட்கட்டும். அவனுக்குக் காவியை மட்டுமே சொல்லித் தந்திருக்கக் கூடும்.