அனர்த்த தண்ட விரதமும் மின்சாரமும்



ஒரகடத்துத் தொழிற்சாலையொன்றில் பணிபுரியும் என் பேரன், சென்ற மாதம் மின்சார ஸ்கூட்டரில் வந்திறங்கினான். "பாட்டி, இதில் புகையே இல்லை, ஆகவே இம்சையும் இல்லை" என்றான். "புகை இல்லையா, அல்லது நம் கண்ணில் படவில்லையா?" என வினவினேன்.

நிலம், நீர், தீ, காற்று, தாவரம் ஆகிய ஐந்தினையும் ஓரறிவுயிர்களின் உடலெனக் கண்டது நம் சமயம். குணவிரதங்களுள் ஒன்றான அனர்த்த தண்ட விரதம், பயனின்றி மண்ணைத் தோண்டுதல், நீரை இறைத்தல், தீ மூட்டுதல், காற்றை அலைத்தல், செடிகொடிகளை வெட்டுதல் ஆகியவற்றைப் 'பிரமாதசரியை' என விலக்குகிறது. நிலக்கரி மின்சாரத்தில் இவ்வைந்துயிர்க்கும் ஒருங்கே ஊறு நேர்கிறது. காட்டை அழித்துச் சுரங்கம் தோண்டுகிறோம்; தீயிட்டு நீரைக் கொதிக்க வைக்கிறோம்; காற்றில் புகையைக் கலக்கிறோம்.

ஒரு யூனிட் மின்சாரத்தை நிலக்கரியால் ஆக்கினால் ஏறத்தாழ 1 கிலோ கரியமிலவாயு வெளிப்படும். இயற்கை எரிவாயுவில் அதில் ஏறக்குறையப் பாதி. சூரிய ஒளியிலும் காற்றாலையிலும், கருவிகளைச் செய்கையில் எழுவதைச் சேர்த்தாலும், சுமார் 50 கிராமோ அதனினும் குறைவோதான். நம் நாட்டு மின்சாரத்தில் பெரும்பகுதி இன்றும் நிலக்கரியால் ஆவது. அவ்வாறிருந்தும் பெட்ரோல் வண்டியினும் பேரனின் வண்டிக்கு மாசு குறைவே; குறைவேயன்றி, இல்லாமை அன்று.

தொழில்யுகத்திற்கு முன் காற்றின் பத்து லட்சம் பங்கில் சுமார் 280 பங்காயிருந்த கரியமிலவாயு, இன்று 420-ஐக் கடந்துவிட்டது. வெப்பம் மிகுந்த காற்று மிகுதியான ஈரத்தைச் சுமக்கும். பெய்தால் பேய்மழையாகப் பெய்யும். 2015 டிசம்பரில் செம்பரம்பாக்கம் ஏரி நிரம்பி, அடையாறு கரைபுரண்டதை நாம் மறக்கவில்லை. அந்த ஒரு மழைக்கு இதுவே காரணமென அறுதியிட இயலாது. ஆயினும் அத்தகைய மழையை நாமே அழைக்கலாகாது.

1998-இல் இருங்காட்டுக்கோட்டையில் கார் உற்பத்தி தொடங்கியது முதல் இவ்வட்டாரம் பல குடும்பங்களுக்குச் சோறிடுகிறது. தொழிலால் நேரும் இம்சையை இல்லறத்தார் முற்றும் விலக்க இயலாது, குறைக்க இயலும். வீணான இம்சைக்கோ எந்தச் சமாதானமும் இல்லை.

இவ்வாறு பேரனுக்கு உரைத்துவிட்டுக் கூடத்திற்கு வந்தேன். அவன் பின்னால் நின்று, "பாட்டி, உங்கள் அறையில் ஆளில்லாமல் மின்விசிறி சுழல்கிறதே, காற்றை அலைத்தல் இதுதானே?" என்றான். நாற்பதாண்டுகளாகக் கிழங்கும் இரவுணவும் தவிர்த்தவள் நான். நாணித் தலைகுனிந்தேன்.

வரும் தசலட்சண பர்வத்தில் பத்து நாட்களும் மின்கணக்கியின் எண்ணைக் குறித்து வையுங்கள். வீணானதை நிறுத்துங்கள். இயன்றோர் இல்லத்திலும் ஜினாலயத்திலும் சூரிய மின்தகடு அமையுங்கள். விரதம் நம் விரல் நுனியிலும் வாழட்டும்.

அறம் வளர்க!