என்ன வேண்டும் என்று கேட்போம்

(பொதுக்காலம் 30-ஆம் ஞாயிறு, மாற்கு 10:46-52)



எரிகோவின் வழியோரத்தில் பர்த்திமேயு உட்கார்ந்திருக்கிறார். பார்வையற்றவர், பிச்சை எடுத்துப் பிழைப்பவர். அவர் குரலெழுப்பியதும் கூட்டம் அதட்டுகிறது. இயேசுவோ நிற்கிறார், அவரை அழைத்துவரச் சொல்கிறார். பிறகு, தாம் என்ன செய்ய வேண்டும் என்று அவரிடமே கேட்கிறார். பார்வை இல்லாதவருக்கு எது வேண்டும் என்பது ஆண்டவருக்குத் தெரியாதா? தெரியும். ஆனாலும் அந்த மனிதர் தம் தேவையைத் தம் வாயாலேயே சொல்லட்டும் என்று காத்திருக்கிறார்.

அண்மையில் சிங்கப்பூரில் நம் உட்லண்ட்ஸில் ஒரு தனியார் பள்ளிக்குப் போயிருந்தேன். அங்கே மூத்த மாணவர்கள் வாரந்தோறும் அக்கம்பக்கத்து வாடகை வீடுகளில் வாழும் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கிறார்கள். ஒரு மாணவி என்னிடம் சொன்னாள்: “அந்தத் தங்கச்சிக்குக் கழித்தல் வரலைன்னு நினைச்சு அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொடுத்தேன் ஃபாதர். அப்புறம்தான் எது புரியலைன்னு கேட்டேன். கணக்குத் தெரியும் அக்கா, கேள்வியில இருக்கிற இங்கிலீஷ்தான் புரியலைன்னு சொன்னா.”

அன்பர்களே, அந்த மாணவி கேட்டதும் ஆண்டவர் கேட்ட கேள்விதான். முப்பது நாற்பது பேர் இருக்கும் வகுப்பில் ‘புரியவில்லை’ என்று கையைத் தூக்க ஒரு பிள்ளைக்கு எவ்வளவு துணிச்சல் வேண்டும்! பக்கத்தில் ஓர் அக்கா உட்கார்ந்து பொறுமையாகக் கேட்டால்தான் அது வாயைத் திறக்கும்.

2023-ஆம் ஆண்டின் குடும்பச் செலவு ஆய்வின்படி, சிங்கப்பூர்க் குடும்பங்கள் டியூஷனுக்கு மட்டும் அந்த ஆண்டில் சுமார் 180 கோடி வெள்ளி செலவிட்டன. வசதியுள்ள வீட்டில் பிள்ளைக்குப் பக்கத்தில் உட்கார ஆள் கிடைத்துவிடுகிறார். அப்பாவுக்கு இரவு ஷிஃப்ட், அம்மாவுக்கு விடியற்காலைத் துப்புரவு வேலை என்றிருக்கும் வீட்டில் யார் உட்காருவது? அங்கே குறைவது அன்பு அல்ல, நேரம்.

சிங்கப்பூரில் திருச்சபை இந்தத் தேவையை ஆரம்பத்திலேயே கண்டது. 1854-இல் வந்த குழந்தை இயேசு சபைச் சகோதரிகள் விக்டோரியா ஸ்திரீட்டில் பள்ளி நடத்தினார்கள். கட்டணம் செலுத்திப் படித்தவர்களுக்கும் ஆதரவற்ற பிள்ளைகளுக்கும் அந்த ஒரே வளாகம் இடம் தந்தது. அதே காலத்தில் இத்தாலியின் தூரினில் புனித தொன் போஸ்கோ, தம்மிடம் படித்த இளைஞர்களையே மற்றப் பிள்ளைகளுக்கு ஆசிரியர்களாக்கினார். 1859-இல் சலேசிய சபை பிறந்தபோது அவரைச் சுற்றி இருந்தவர்களில் பெரும்பாலோர் அவர் வளர்த்த அந்த இளைஞர்கள்தான். நம் சமூகத்தில் 1991-இல் தொடங்கிய சிண்டா எனும் சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கம், அடுத்த ஆண்டு முதலே நம் பிள்ளைகளுக்குத் துணைப்பாட வகுப்புகளை நடத்திவருகிறது.

நல்ல பள்ளிகளில் படிக்கும் இளையோரே, உங்களிடம் மூன்று காரியங்களைக் கேட்கிறேன். முதலில் நில்லுங்கள். உங்கள் புளோக்கிலேயே ஒரு பிள்ளை தனியாகப் புத்தகத்தோடு போராடிக்கொண்டிருக்கலாம். அடுத்து, கேளுங்கள். உங்களுக்குத் தெரிந்ததையெல்லாம் கொட்டுவதற்கு முன், அந்தப் பிள்ளைக்கு எது வேண்டும் என்று கேளுங்கள். கடைசியாக, விட்டுவிடாதீர்கள். உங்களுக்கும் தேர்வு வரும், களைப்பு வரும். வருகிறேன் என்று சொல்லிவிட்டு வராமல் போனவர்களை அந்தப் பிள்ளைகள் நிறையப் பார்த்திருக்கிறார்கள். அந்த வரிசையில் நீங்களும் சேர்ந்துவிடாதீர்கள்.

பெற்றோரே, இதைப் பல்கலைக்கழக விண்ணப்பத்துக்கான சான்றிதழாக ஆக்கிவிடாதீர்கள். நம் பிள்ளைகளின் கல்வி நம் சாமர்த்தியத்தால் மட்டும் வந்ததல்ல, அது இறைவன் நம்பி ஒப்படைத்த கொடை. பிறரோடு பகிரும்போதுதான் அந்தக் கொடை தன் நோக்கத்தை அடைகிறது.

பார்வை பெற்ற பர்த்திமேயு வழியோரத்தில் தங்கிவிடவில்லை. இயேசுவின் பின்னே நடந்தார். இன்று ‘புரிகிறது அக்கா’ என்று சொல்லும் பிள்ளை, நாளை இன்னொரு பிள்ளையின் பக்கத்தில் உட்காரும். துறவிகளுக்கு இறையியல் கற்பித்த கோடி அற்புதர் புனித அந்தோணியார் நமக்காகப் பரிந்து பேசுவாராக. இப்படிப் பக்கத்தில் உட்கார்ந்து கற்பிக்கும் ஆசிரியர்கள் நம் வீடுகளிலிருந்து எழ இத்திருப்பலியில் மன்றாடுவோம். ஆமென்.