பிரேக்கில் வைத்த கால்

லைசென்ஸ் எடுத்து ஏழு வருடம் நான் செங்கல்பட்டைத் தாண்டி கார் ஓட்டியதில்லை. வேளச்சேரி நெரிசலில், ஆட்டோக்களுக்கு நடுவே ஓட்டச் சொன்னால் ஓட்டுவேன். வண்டலூருக்கு அப்புறம் ரோடு விரிந்து வேகம் எண்பதைத் தொட்டால்தான் உள்ளங்கை வியர்க்க ஆரம்பிக்கும். பக்கத்தில் ஒரு டிரெய்லர் லாரி வந்து, அதன் சக்கரம் என் ஜன்னல் உயரத்துக்குச் சுற்றும்போது மூச்சு பாதியில் நின்றுவிடும். திண்டிவனத்தில் இருக்கிற அப்பாவைப் பார்க்க பஸ்தான்.

கேட்பவர்களுக்குச் சொல்ல ஒரு தத்துவமும் கைவசம் இருந்தது. 2022-இல் மட்டும் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர் என்கிறது மத்திய அரசின் அறிக்கை. அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தேசிய நெடுஞ்சாலைகளில். நாட்டின் மொத்த சாலை நீளத்தில் அவை இரண்டு சதவீதம் சொச்சம்தான். அஞ்ச வேண்டியதற்கு அஞ்சாமல் இருப்பது மடமை என்று வள்ளுவரே சொல்லியிருக்கிறாரே! ‘நான் செத்தா பரவால்ல, யாரையாவது இடிச்சிட்டா?’ என்று கடைசியில் சேர்த்துக்கொள்வேன். அதைச் சொன்னதும் பயத்துக்கு மனசாட்சியின் முகம் வந்துவிடும். எதிரில் இருப்பவர் மேற்கொண்டு பேச மாட்டார்.

அப்பாவுக்குக் கண்புரை வந்து, ஆபரேஷனுக்கும் செக்கப்புக்கும் சென்னைக்குக் கூட்டிவர வேண்டியதானபோது தத்துவம் உதவவில்லை. ஞாயிற்றுக்கிழமை விடியற்காலைகளில் பழக ஆரம்பித்தேன். முதல் வாரம் பாலாற்றுப் பாலம் வரை. அடுத்த வாரம் மதுராந்தகம் ஏரி வரை. பயம் வந்ததும் திரும்பிவிட்டால், அந்த நிம்மதியே ‘பார்த்தியா, நீ பயந்தது சரிதான்’ என்று மூளைக்குச் சொல்லிக்கொடுத்துவிடும். திரும்பாமல் பத்து நிமிஷம் ஓட்டினால் படபடப்பு ஒரு உச்சத்துக்குப் போய், தானாகவே இறங்குகிறது. அப்பா போனில் சொன்னது இன்னும் உதவியது: “லாரிக்காரன் உன்னைக் கொல்லணும்னு வரலம்மா. அவனும் வீட்டுக்குப் போகணும்னுதான் ஓட்டுறான்.”

மூன்று மாதத்தில் லாரி பயம் போய்விட்டது. வலது லேனை விட்டு நகராத லாரியின் பின்னால் பொறுமையாகப் போகப் பழகிவிட்டேன். கொஞ்சம் கர்வமும் வந்தது என்றுதான் சொல்ல வேண்டும்.

அப்புறம்தான் அச்சிறுபாக்கம் அருகே அது நடந்தது. மீடியன் இடைவெளியில் சைக்கிளோடு ஒருவர் நின்றிருந்தார். கேரியரில் பால் கேன். நான் அவரைப் பார்த்தேன். பார்த்தும், நிற்பார் என்று நினைத்துக்கொண்டேன். அவர் இறங்கிவிட்டார். எண்பதில் போகும் கார் ஒரு நொடியில் இருபத்திரண்டு மீட்டர் கடந்துவிடும். கால் பிரேக்குக்குப் போவதற்கே அந்த ஒரு நொடி ஆகிறது. பின்னால் வந்த வண்டி அலறிக்கொண்டே ஒதுங்கியது. அவருக்கும் என் பம்பருக்கும் நடுவே ஒரு ஆள் நிற்கலாம், அவ்வளவுதான். அவர் திட்டவில்லை. தினமும் நடப்பதுதான் என்பது மாதிரி சைக்கிளைத் தள்ளிக்கொண்டு அந்தப் பக்கம் போய்விட்டார். அவர் வீடு ஒரு பக்கம், வேலை மறுபக்கம். ரோடுதான் நடுவில் அகலமாகியிருக்கிறது.

இரண்டு மாதம் சாவியைத் தொடவில்லை. பெர்னார்ட் வில்லியம்ஸ் 1976-இல் எழுதிய ஒரு கட்டுரையில் ஒரு லாரி டிரைவர் வருகிறார். அவர் மேல் எந்தத் தவறும் இல்லை. ஆனால் அவர் லாரியில் ஒரு குழந்தை அடிபடுகிறது. பார்த்துக்கொண்டிருந்த எல்லோரும் வருந்துவார்கள். டிரைவரின் வருத்தம் மட்டும் வேறு ஜாதி. ‘உன் தப்பில்லப்பா’ என்று நாம் அவரைத் தேற்றுவோம். ஆனால் அவர் உடனே தேறிவிட்டால் நமக்கே அவர் மேல் சந்தேகம் வரும். குற்றமில்லாமலே சுமக்க வேண்டிய ஒன்று இருக்கிறது என்கிறார் வில்லியம்ஸ். அந்தச் சுமையின் சாத்தியத்தை ஏற்றுக்கொள்ளாமல் யாரும் ஸ்டியரிங்கைப் பிடிக்க முடியாது.

அப்போ ஓட்டாமலே இருந்துவிடலாமே? இப்படித்தான் முதலில் யோசித்தேன். ஆனால் நான் ஏறுகிற பஸ்ஸும் அதே அச்சிறுபாக்கத்தைத்தான் கடக்கிறது, அதைவிட வேகமாக. எனக்காக அந்தச் சுமையை எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார் ஒரு டிரைவர். நான் ஜன்னலோரம் பாட்டுக் கேட்டுக்கொண்டு வருகிறேன். இதற்குப் பேர் நிரபராதித்தனம் என்றால், ரொம்ப சல்லிசாகக் கிடைக்கிறது.

இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஆரம்ப நாட்களில், உள்ளங்கை வியர்த்த நாட்களில், நான் சாலையைப் பார்க்கவே இல்லை. என் இதயத்துடிப்பைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அன்றைக்கு அந்தப் பால்காரர் வந்திருந்தால் அவரைக் கண்டிருக்கவே மாட்டேன். மனசாட்சி என்று நான் ஊருக்குச் சொன்னதில் அவருக்கு இடமே இருந்ததில்லை. பயம் போன பிறகு அவர் கண்ணில் பட்டார். ஆனால் அதற்குள் ‘நிற்பார்’ என்று முடிவுகட்டும் மெத்தனமும் வந்திருந்தது. இந்த இரண்டுக்கும் நடுவே ஒரு இடம் இருக்கிறது. அதில் நிலையாக நிற்கத் தெரிந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன்.

போன வாரம் அப்பாவைச் செக்கப்புக்கு அழைத்துவந்தேன். அச்சிறுபாக்கம் வந்ததும் இடது லேனுக்கு மாறி, ஐம்பதுக்குக் குறைத்து, காலை பிரேக் மேல் வைத்துக்கொண்டேன். பின்னால் ஒருவன் விடாமல் ஹாரன் அடித்தான். மீடியனில் யாருமே இல்லை.

“ஏம்மா, ரோடு காலியாத்தானே இருக்கு?” என்றார் அப்பா.

“சும்மாதான்ப்பா” என்றேன். அவரிடம் இன்னும் சொல்லவில்லை.