மெதுவாகப் போகும் பாட்டு

போன பொங்கலுக்கு நாட்றம்பள்ளிக்குப் போனபோது அத்தைக்கு ஒரு பென்டிரைவ் கொண்டுபோனேன். அத்தையிடம் முன்பு ஒரு கேசட் இருந்தது. நாடா சிக்கி அறுந்துபோய்ப் பல வருடங்கள் ஆகிவிட்டன. உள்ளே செருகியிருந்த அட்டை மட்டும் என் பழைய புத்தகம் ஒன்றுக்குள் தப்பிப் பிழைத்திருந்தது. அதில் எழுதியிருந்த பதினான்கு பாட்டுகளையும் தேடி எடுத்து அதே வரிசையில் அடுக்கிக் கொண்டுபோயிருந்தேன். டிவியில் செருகியதும் ஃபோல்டரின் பெயர் திரையில் வந்தது: வாணி ஜெயராம் சோகப் பாடல்கள்.

அத்தை கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு எழுத்துக்கூட்டிப் படித்தார்.

“இன்னாடா இது, சோகம்னு எழுதிக்கீது?”

“கேசட்டுலயே அப்படித்தானே அத்தை இருந்துச்சு.”

“அது கடைக்காரன் எழுதுனது. மெதுவா போற பாட்டா பாத்து போட்டுக் குடுன்னுதான் நான் கேட்டேன். நான் இன்னா எந்நேரமும் அழுதுக்கினா இருந்தேன்?”

கோபமாகச் சொல்லவில்லை. கேட்டுவிட்டுப் பொங்கல் பானையைப் பார்க்க எழுந்து போய்விட்டார். நான்தான் அந்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.

கேசட் பதிந்து கொடுக்கும் கடைகளை என் வயதுக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். பேருந்து நிலையத்தை ஒட்டி இரண்டடி அகலத்தில் ஒரு கடை இருக்கும். சுவர் முழுக்க கேசட். துண்டுச் சீட்டில் பாட்டுகளை எழுதிக் கொடுத்தால் இரண்டு நாளில் பதிந்து தருவார்கள். அறுபது நிமிடக் கேசட்டில் பக்கத்துக்கு முப்பது நிமிடம். ஏழு பாட்டு கொள்ளும். ஏழாவது பாட்டின் கடைசிச் சரணம் சில சமயம் பாதியில் நின்றுபோகும். சீட்டு எழுதத் தெரியாதவர்களுக்குக் கடைக்காரரே ரகம் பிரித்து வைத்திருப்பார். காதல், டூயட், பக்தி, தத்துவம், சோகம். வாடிக்கையாளர் என்ன கேட்டாலும் இந்த ஐந்தில் ஒன்றுக்குள் போய்த்தான் விழ வேண்டும். வாணியம்பாடிக் கடைக்காரரிடம் அத்தை கேட்ட ‘மெதுவா போற பாட்டு’க்கு அவரிடம் தனி ரகம் கிடையாது. சோகத்தில் போட்டுவிட்டார்.

வெளிநாட்டில் இதற்கென்றே ஒரு பெயர் இருக்கிறது. பாப் பாடகர்கள் தங்கள் நிதானமான பாட்டுகளை மட்டும் திரட்டித் தனி ஆல்பமாகப் போடுவார்கள். மரியா கேரி 2008-இல் அப்படி வெளியிட்டதன் பெயரே ‘தி பேலட்ஸ்’தான். அந்தச் சொல்லின் வேர் ஆடுவதைக் குறிக்கும் பழைய லத்தீன் சொல். பிறகு கதை சொல்லும் பாட்டைக் குறித்தது. அதனால்தான் நம் பேராசிரியர்கள் அதைக் கதைப்பாடல் என்று தமிழாக்கினார்கள். இன்று நிதானமாகப் போகும் பாட்டுக்கெல்லாம் அதுதான் பெயர். ஒரு சொல் இத்தனை தூரம் நடந்தும் எந்த இடத்திலும் ‘அழுகை’ என்று பொருள்படவில்லை என்பதைத்தான் நான் கவனிக்கிறேன். மெதுவாகப் போவதற்கும் துக்கத்துக்கும் நடுவே இருக்கிற கோட்டை அழித்தவர்கள் நாம்தான்.

அழித்தது பாட்டோடு நிற்கவில்லை. அத்தையையும் அப்படித்தான் எங்கள் குடும்பம் ரகம் பிரித்து வைத்திருந்தது. மாமா பெங்களூருக்கு வேலைக்குப் போனவர் திரும்பவில்லை. அத்தைக்கு அப்போது இருபத்து மூன்று வயது. அதற்குப் பிறகு அவர் சும்மா உட்கார்ந்திருந்தால் அது துக்கம், ஜன்னல் பக்கம் பார்த்தால் துக்கம், பாட்டுக் கேட்டால் துக்கத்திலும் துக்கம் என்றாகிவிட்டது. “பாவம், மனசு சரியில்ல, பாட்டு போட்டுக்கினு உக்காந்துகீது” என்று பாட்டி எங்களைச் சத்தம் போடாமல் இருக்கச் சொல்வார். நாங்களும் காலைத் தூக்கித் தூக்கி வைத்து நடப்போம். நான் பென்டிரைவுக்கு வைத்த பெயர் அந்தப் பாட்டியின் குரல்தான். நாற்பது வருடம் கழித்தும் எனக்குள் பேசிக்கொண்டிருந்திருக்கிறது.

அன்று மாலை மறுபடியும் கேட்டேன். எதற்காக மெதுவான பாட்டு?

அத்தை சொன்னதைப் புரிந்துகொள்ள அவர் பார்த்த வேலை தெரிய வேண்டும். வாணியம்பாடி, ஆம்பூர்ப் பக்கம் தோலைப் பாதி பதனிட்டு அப்படியே கப்பலேற்றுவதுதான் வெகுகாலம் தொழிலாக இருந்தது. 1970-களில் அரசு அந்த ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு கொண்டுவந்து, முழுதாகப் பதனிட்டோ பொருளாகத் தைத்தோ அனுப்பச் சொன்ன பிறகுதான் ஷூ கம்பெனிகள் பெருகின. தோல் பதனிடும் இடத்தில் ஆண்கள் தொட்டியில் இறங்கி நின்றார்கள். ஷூ கம்பெனியில் தையல் மெஷின் முன்னால் பெண்கள் உட்கார்ந்தார்கள். விடியற்காலையில் கம்பெனி பஸ் நெடுஞ்சாலையில் ஊர் ஊராக நின்று அவர்களை ஏற்றிக்கொண்டு போகும். அத்தை முப்பது வருடத்துக்கு மேல் அப்பர் தைத்தார். ஷூவின் மேல்பாகம். ஒரு மணி நேரத்துக்கு இத்தனை ஜோடி என்று சூப்பர்வைசர் கணக்கெழுதுவார். முன்னால் இருப்பவர் தைத்து முடித்தது கைக்கு வந்துகொண்டே இருக்கும். தாமதித்தால் பின்னால் இருப்பவருக்கு வேலை நிற்கும்.

“நாளெல்லாம் கை ஓடிக்கினே இருக்கும்டா. பஸ்ஸுல வரப்பவும் ஓடும். சோறு பிசையிறப்பவும் ஓடும். அந்தப் பாட்டு போட்டாதான் கை நிக்கும்.”

அவ்வளவுதான் காரணம். கை நிற்பதற்காக.

அந்தக் கைகளை நான் பார்த்திருக்கிறேன். வலது ஆள்காட்டி விரல் நகம் எப்போதும் பசையின் நிறத்தில் இருக்கும். கேசட் ஓடும்போது இரண்டு கைகளும் மடியில் மல்லாந்து கிடக்கும். அதைப் பார்த்துத்தான் நாங்கள் பரிதாபப்பட்டோம். வேலை செய்து களைத்த இரண்டு கைகள் அன்றைய முதல் ஓய்வை எடுத்துக்கொண்டிருந்தன என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

வாணி ஜெயராமின் குரலை அத்தை ஏன் தேர்ந்தெடுத்தார் என்பதற்கு எனக்கு ஒரு விளக்கம் உண்டு. அவர் எங்கள் பழைய மாவட்டத்துக்காரர் என்பதல்ல காரணம். 1945-இல் வேலூரில் கலைவாணியாகப் பிறந்தவர் அவர் என்பது அத்தைக்கு நான் சொல்லித்தான் தெரியும். முதலில் வங்கியில் வேலை பார்த்தவர்; கர்நாடக இசையோடு இந்துஸ்தானியும் கற்று, 1971-இல் ‘குட்டி’ என்ற இந்திப் படத்தின் பாட்டுகளால் நாடெங்கும் தெரிய வந்தவர். அந்தக் குரல் துக்கமான பாட்டிலும் விம்முவதில்லை. ஸ்வரம் எங்கே நிற்க வேண்டுமோ அங்கே முதுகை நிமிர்த்தி நிற்கும். ‘அபூர்வ ராகங்கள்’ படத்துக்காக அவருக்கு முதல் தேசிய விருது வந்தது. பிறகு ‘சங்கராபரணம்’, ‘சுவாதி கிரணம்’ என்று மொத்தம் மூன்று. ‘அழகே உன்னை ஆராதிக்கிறேன்’, ‘பாலைவனச் சோலை’ படங்களில் அவர் பாடியதைக் கேட்டுப் பாருங்கள். நாயகி உடைந்துபோகிற இடத்தில்கூட குரல் உடையாது. கேட்பவரை அழச் சொல்லி அது கெஞ்சுவதே இல்லை. பக்கத்தில் உட்கார்ந்திருக்கும், அவ்வளவுதான். இந்தப் பாட்டுகளையெல்லாம் சோகம் என்ற ஒற்றைச் சொல்லில் அடக்குவது அந்தக் கலைக்குச் செய்கிற அநீதி என்றே நினைக்கிறேன். ‘முள்ளும் மலரும்’ படத்தில் சாப்பாட்டு ஆசையை அத்தனை உற்சாகமாகப் பாடியதும் இதே குரல்தானே.

‘பாலைவனச் சோலை’ பாட்டைப் பற்றி அத்தை ஒரு கதை சொன்னார். பக்கத்து மெஷினில் வாணியம்பாடிப் பெண் ஒருத்தி. வீட்டில் உருது பேசுபவள். அத்தை ஒருநாள் அந்த மெட்டை முணுமுணுத்தபோது, “அக்கா, இது எங்க பாட்டாச்சே” என்றாளாம். இல்லை, சினிமாப் பாட்டு என்று அத்தை சண்டை போட்டிருக்கிறார். மறுநாள் அவள் அண்ணன் வைத்திருந்த ஜக்ஜித் சிங் கேசட்டைக் கைப்பையில் போட்டுக் கொண்டுவந்து காட்டியிருக்கிறாள். உண்மைதான், 1981-இல் வந்த அந்தப் படத்தின் பாட்டு ஜக்ஜித் சிங் பாடிய ஒரு கஜலின் மெட்டைத் தழுவியது. அன்றிலிருந்து மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஒருத்தி தமிழிலும் ஒருத்தி உருதுவிலும் அதைப் பாடுவார்களாம். அத்தை இதைச் சொல்லும்போது முகம் முழுக்கச் சிரிப்பு. எங்கள் வீட்டில் ‘அத்தை அழும் பாட்டு’ என்று பேர் வாங்கிய பாட்டு அது.

கஜல் என்பது காதலியிடம் பேசுவது. அந்த வடிவத்தைத் தமிழில் கொண்டுவந்து நிலைநிறுத்திய கவிக்கோ அப்துல் ரகுமான், வாணியம்பாடி இஸ்லாமியாக் கல்லூரியில் பல்லாண்டு தமிழ் கற்பித்தவர். ‘மின்மினிகளால் ஒரு கடிதம்’ அவருடைய கஜல் தொகுப்பு. இரண்டடி சொல்லிவிட்டு நிறுத்தி, கேட்டவர் மனசில் அது இறங்கும்வரை பொறுத்திருந்து அடுத்த இரண்டடியைச் சொல்கிற வடிவம் அது. அந்தப் பொறுத்திருத்தல் இல்லாவிட்டால் கஜல் இல்லை. அவர் பாடம் நடத்திய ஊரில்தான், கொஞ்ச தூரத்தில், பொறுத்திருக்கவே நேரமில்லாத மெஷின்களும் ஓடிக்கொண்டிருந்தன என்பதை நினைத்தால் மனசு ஒரு கணம் நின்றுவிடுகிறது.

அத்தைக்குத் துக்கமே இல்லை என்று நான் எழுதினால் அது இன்னொரு பொய். ஒருநாள் ராத்திரி அவர் தேம்பியதை நானே கேட்டிருக்கிறேன். அதையும் கேட்டுவிட்டேன். “அழுத நாள்ல அழுதேன். பாட்டு போட்டுக்கினு யாரு அழுவுவா? அழுவுறதுக்கு மொட்டமாடி இருக்குது” என்றார். அழுகைக்கு ஓர் இடம், ஓய்வுக்கு ஓர் இடம் என்று அவர் பிரித்தே வைத்திருந்தார். நாங்கள்தான் இரண்டையும் ஒன்றாகச் சுருட்டிவிட்டோம்.

2023 பிப்ரவரி 4 அன்று வாணி ஜெயராம் சென்னை வீட்டில் இறந்துகிடந்தார். பத்மபூஷண் அறிவித்துச் சில நாட்களே ஆகியிருந்தன, கையில் வாங்கவில்லை. கணவர் 2018-இல் காலமான பிறகு தனியாக வாழ்ந்தார் என்பதையே அன்று முழுக்கத் திரும்பத் திரும்பப் பேசினார்கள். நானும் நண்பர்களிடம் அப்படித்தான் பேசினேன். இருபதுக்கு அருகே மொழிகளில் பாடி, கவிதையும் எழுதிய ஒரு பெண்ணின் எழுபத்தேழு வருடத்தைக் கடைசி ஐந்து வருடத்தின் தனிமைக்குள் அடைத்துவிட்டோம். அதுவும் கேசட் கடைக்காரர் செய்த வேலைதான். அவராவது ஐந்து ரகம் வைத்திருந்தார்.

சென்னையில் என் வீட்டில் நான் பால்கனியில் பத்து நிமிடம் சும்மா நின்றால் “ஏன் டல்லா இருக்கீங்க?” என்று கேள்வி வருகிறது. நானும் மகளை அப்படிக் கேட்கிறேன். அவள் உடனே கைப்பேசியை எடுத்துக்கொண்டு, சரியாக இருப்பதாகக் காட்டிக்கொள்கிறாள். கேள்வி அன்பில்தான் பிறக்கிறது. ஆனால் மெதுவாக இருக்கும் உரிமையை அது ஒரு பிள்ளையிடமிருந்து பிடுங்கிவிடுகிறது. அந்தக் கேள்வியை நான் விட்டுவிட முயல்கிறேன். சுலபமாக இல்லை.

ஊரிலிருந்து கிளம்புவதற்கு முன் மடிக்கணினியைத் திறந்து ஃபோல்டரின் பெயரை அழித்துவிட்டு, ‘மெதுவாகப் போகும் பாட்டு’ என்று எழுதினேன். அத்தை மறுபடி எழுத்துக்கூட்டிப் படித்து, சரி என்றார். பாட்டுகள் அதே பதினான்குதான். ஒன்றைக்கூட எடுக்கவில்லை.