தெரிந்தவன் கொடுக்கும் விலை

அம்பத்தூர், கொரட்டூர், கள்ளிக்குப்பம் பக்கத்து ஆட்கள் லோக்கலில் சென்ட்ரல் போனால் இறங்குகிற இடத்துக்கு மூர் மார்க்கெட் வளாகம் என்று பெயர். மார்க்கெட் அங்கே இல்லை. 1900-ல் திறந்த அந்தக் கட்டடம் 1985 மே மாதம் எரிந்துபோனது. பழைய புத்தகம், இசைத்தட்டு, பொம்மை என்று கையில் நாலு காசோடு போனவர்கள் எதையாவது தூக்கிக்கொண்டு வந்த இடம். அந்த ஆசை எரியவில்லை. எதிரே பார்க் ஸ்டேஷனில் தாம்பரம் வண்டி ஏறி, பல்லாவரத்தில் வெள்ளிக்கிழமை சந்தைக்குப் போய்விட்டது. எங்கள் ஏரியாவிலிருந்து அங்கே போக இரண்டு ரயில் மாற வேண்டும், ஒரு வெள்ளிக்கிழமை லீவும் போட வேண்டும். இருந்தும் போகிறோம். ஏன்? பொருளுக்காக என்று சொல்வது பாதி உண்மைதான். அடிமாட்டு விலைக்கு ஒன்று சிக்கும், அதன் மதிப்பு நமக்கு மட்டும் தெரியும் என்கிற கிளர்ச்சிதான் மீதிப் பாதி.

என் கேள்வி அந்த மீதிப் பாதியைப் பற்றியது. தார்ப்பாயில் குவித்த புத்தகங்களுக்கு நடுவே ஒரு அரிய முதல் பதிப்பு கிடக்கிறது. கடைக்காரர் முப்பது ரூபாய் என்கிறார். அது மூவாயிரம் போகும் என்று உங்களுக்குத் தெரியும். பேசாமல் முப்பதைக் கொடுத்துவிட்டு வரலாமா?

சட்டம் நம் பக்கம்தான். 1872-ம் வருடத்து இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 17-வது பிரிவு, சொல்ல வேண்டிய கடமை இருந்தால் ஒழிய, வெறுமனே வாய் திறக்காமல் இருப்பது மோசடி ஆகாது என்கிறது. அமெரிக்காவில் இதைவிடப் பெரிய வழக்கே நடந்தது. 1815-ல் போர் முடிந்த செய்தி ஊருக்குத் தெரியும் முன்பே நியூ ஆர்லியன்ஸ் வியாபாரி ஒருவருக்குத் தெரிந்துவிட்டது. அவர் போய்ப் புகையிலையை மொத்தமாக வாங்கிப் போட்டார். செய்தி பரவியதும் விலை 30 முதல் 50 சதவீதம் ஏறியது. வாங்குபவர் தனக்குத் தெரிந்ததை எல்லாம் சொல்லித்தான் ஆக வேண்டும் என்றில்லை என்று 1817-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் அந்த வழக்கில் ஒரு சின்ன முள் உண்டு. "ஏதாவது செய்தி உண்டா?" என்று விற்றவர் கேட்டிருக்கிறார். கேட்ட பிறகு நடந்தது ஏமாற்றா இல்லையா என்பதைத் தனியாக விசாரிக்கச் சொல்லி, வழக்கைத் திருப்பி அனுப்பினார்கள்.

மறுபக்கம் அகஸ்டின் இருக்கிறார். ஐந்தாம் நூற்றாண்டில் எழுதி முடித்த 'திரித்துவம்' நூலில், தனக்குத் தெரிந்த ஒருவரைப் பற்றிப் போகிறபோக்கில் சொல்கிறார். மதிப்பு தெரியாமல் ஒருவர் ஒரு சுவடியை மலிவாக விற்க வந்தார். வாங்கியவரோ, விற்றவர் எதிர்பார்க்கவே இல்லை, நியாயமான விலையை எடுத்துக் கொடுத்தார். அதே 1,600 வருடப் பழைய சிக்கல், அதுவும் புத்தகத்தில்தான்! நம் பட்டினப்பாலையும் காவிரிப்பூம்பட்டினத்து வணிகர்களைப் புகழும்போது, வாங்குகையில் அதிகம் எடுக்க மாட்டார்கள், கொடுக்கையில் குறைக்க மாட்டார்கள் என்பதைத்தான் புகழ்கிறது.

நண்பர்களிடம் இதைச் சொன்னால் உடனே ஒரு பதில் வரும்: "பத்து வருஷம் படிச்சுத் தெரிஞ்சுக்கிட்டேன் மச்சான், அதுக்குக் கூலி வேண்டாமா?" நல்ல வாதம்தான். ஆனால் இப்போது போனை நீட்டி ஒரு போட்டோ எடுத்தால் மூன்று நொடியில் உலகச் சந்தை விலை வந்துவிடுகிறது. பத்து வருடத்துக்குக் கூலி கேட்கலாம். மூன்று நொடிக்கு?

அகஸ்டின் வழியே போய்விடலாம் என்றால் அதிலும் ஒரு சிக்கல். கடைக்காரருக்கு அந்தப் புத்தகம் எப்படி வந்தது? படித்தவர் ஒருவர் இறந்துபோனார், அலமாரியைக் காலி செய்தார்கள், பேப்பர்காரர் தராசில் போட்டுக் கிலோ கணக்கில் எடுத்தார், அங்கிருந்து காயலான் கடை, பிறகு சந்தை. உண்மையில் இழந்தவர் அந்த வீட்டு அம்மா. அவர் சந்தையிலேயே இல்லை. நான் மூவாயிரத்தைக் கடைக்காரர் கையில் கொடுத்தாலும் அது அவருக்குப் போகப்போவதில்லை. யாரும் சம்பாதிக்காத லாபத்தை நானும் கடைக்காரரும் எப்படிப் பங்கு போடுவது என்பதுதான் மிச்சம் இருக்கும் கேள்வி. அதே அம்மா தன் வீட்டு வாசலில் வைத்து நேராக எனக்கு விற்றிருந்தால் கேள்வியே வேறு. அங்கே மௌனமாக இருப்பது திருட்டுக்குப் பக்கத்து வீடு என்பேன்.

சரி, முதல் பதிப்பு எத்தனை வெள்ளிக்கிழமைக்கு ஒரு தரம் சிக்கும்? வாரா வாரம் நடப்பது வேறு. இருநூறு ரூபாய் மிக்ஸியை, பழைய டேபிள் ஃபேனை, ஒரு சின்ன ஸ்டூலை நூற்றிருபதுக்கு இறக்குகிறோம். இங்கே மதிப்பு இரண்டு பேருக்கும் தெரியும். வித்தியாசம் அவசரத்தில் இருக்கிறது. இருட்டினால் அவர் எல்லாவற்றையும் மறுபடி மூட்டை கட்ட வேண்டும், வண்டிக்கு வாடகை கொடுக்க வேண்டும். நமக்கு வாங்காமல் போனாலும் ஒன்றும் ஆகாது. "போணி பண்ணு சார்" என்கிற குரலில் அந்த வித்தியாசம் முழுக்கக் கேட்கும். பேரம் ஒரு விளையாட்டு என்பார்கள். தோற்றால் இரண்டு பேருக்கும் ஒரே மாதிரி வலித்தால்தானே அது விளையாட்டு? ஆப்பில் ஆர்டர் போடும்போது பேரம் பேச நமக்கு இடமும் இல்லை, தைரியமும் இல்லை. காட்டிய விலையைக் கட்டுகிறோம், மேலே டெலிவரி சார்ஜும் கட்டுகிறோம். பேரம் பேசும் வீரம் எல்லாம் தரையில் உட்கார்ந்திருப்பவரிடம்தான் வருகிறது.

அதனால் எனக்கு அரிய புத்தகத்தைவிட அந்த எண்பது ரூபாய்தான் பெரிய அறச்சிக்கலாகப் படுகிறது. தெரிந்ததை எல்லாம் ஒப்பிக்கும் கடமை ஒரு வியாபாரியிடம் எனக்கு இல்லை. ஃபேனில் உள்ள கோளாறை அவரும் எனக்கு ஒப்பிப்பதில்லை. ஆனால் அவர் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்து, "இது நல்லா போகுமா சார்?" என்று கேட்டுவிட்டால் போகும் என்று சொல்லத்தான் வேண்டும். மலிவாகச் சிக்கிய பொருளை அதற்கு மேலும் குறைத்துக் கேட்கக் கூடாது. மாலை நாலு மணிக்கு மேல், அவர் மூட்டை கட்ட ஆரம்பிக்கும் நேரத்தில், சொன்ன விலையைக் கொடுத்துவிட்டு நகர்ந்துவிட வேண்டும்.

இவ்வளவுதான் என்னால் வகுக்க முடிந்த விதி. இதற்குத் தர்மம் என்று பெரிய பெயர் எதுவும் வேண்டாம். மாதச் சம்பளம் வாங்குகிறவனுக்கு இது ஒரு டீ, இரண்டு வடைக் காசு.