தம்பியைத் தூங்க வைத்தவர்கள்

நவம்பர் முதல் ஞாயிற்றுக்கிழமை அமெரிக்காவில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளி வைப்பார்கள். நியூ ஜெர்சியில் இருக்கும் என் தங்கைக்குப் பத்து நாள் முன்பிருந்தே கவலை பிடித்துக்கொள்ளும். அவள் மகனுக்கு இரண்டு வயது. ஆறு மணிக்கு எழுகிறவன், கடிகாரம் மாறிய மறுநாள் ஐந்து மணிக்கே எழுந்து உட்கார்ந்துகொள்வான். அவன் உடம்புக்கு அது ஆறுதான். அதனால் சில நாள் முன்பே தொடங்கி, சாப்பாடு, குளியல், விளக்கணைப்பது எல்லாவற்றையும் தினமும் கால் மணி நேரமாகத் தள்ளிக்கொண்டே போக வேண்டும். அதற்கு ஓர் அட்டவணை போட்டு வைத்திருக்கிறாள்.

"ஒரு மணி நேரத்துக்கே எனக்கு இந்தப் பாடு. அம்மா எப்பிடிக்கா நம்மள வெச்சுச் சமாளிச்சுது?" என்று கேட்டாள்.

சமாளித்த விதம் அவளுக்குத் தெரியாது. அவள் பிறந்தபோது அம்மா தறிக்குப் போவதை நிறுத்தியிருந்தார்.

1990இல் எனக்கு ஒன்பது வயது, தம்பிக்கு ஒன்று. குமாரபாளையத்தில் ஒரு தறிப்பட்டறையில் அம்மாவும் அப்பாவும் வேலை பார்த்தார்கள். காலை எட்டு முதல் ராத்திரி எட்டு வரை ஒரு ஷிப்ட்டு, ராத்திரி எட்டு முதல் காலை எட்டு வரை இன்னொன்று. ஒரு வாரம் பகல், மறுவாரம் ராத்திரி. அதாவது வாராவாரம் எங்கள் வீட்டில் கடிகாரம் பன்னிரண்டு மணி நேரம் மாறியது. அம்மாவும் அப்பாவும் எதிரெதிர் ஷிப்ட்டு. மீட்டருக்கு இவ்வளவு என்று கூலி. முதலாளியிடம் வாங்கிய அட்வான்ஸ் தீரும்வரை வேறு பட்டறைக்குப் போக முடியாது.

ராத்திரி வாரத்தில் அம்மா தம்பியையும் தூக்கிக்கொண்டு போவார். பட்டறைத் தூணில் சேலைத் தூரி கட்டி, அந்தச் சத்தத்திலேயே தூங்கப் பழக்கியிருந்தார். காலையில் வந்து படுத்தால் தம்பி விழித்துக்கொள்வான். ஒற்றை அறை வீடு. அம்மா தூங்க வேண்டுமென்றால் யாராவது தூரியை ஆட்ட வேண்டும். அந்த யாராவது நான். ராத்திரி வாரங்களில் எனக்குப் பள்ளிக்கூடம் கிடையாது. அப்பாவின் ராத்திரி வாரம் வேறு மாதிரி. அவர் பகலில் தூங்கினால் தெருவே மெதுவாகப் பேசும்.

பிறகு ஒருநாள் அம்மா தம்பிக்குச் சளி மருந்து கொடுக்க ஆரம்பித்தார். அவனுக்குச் சளி இல்லை. காலையில் வந்ததும் ஒரு ஸ்பூன். மதியம் வரை தூங்குவான். நான் மறுபடி பள்ளிக்கூடம் போனேன். எனக்கு அது எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்பதையும் இங்கே எழுதிவிட வேண்டும்.

சளி மருந்துகளில் இருக்கும் சில பொருட்கள் மயக்கம் தருபவை. அவற்றில் பரவலாகப் புழங்கிய ஒரு கலவையை நான்கு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் கொடுக்கக் கூடாது என்று 2023 டிசம்பரில்தான் மத்திய மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை உத்தரவு போட்டது. நூறு வருடத்துக்கு முன்னால் பம்பாய்ப் பஞ்சாலைக்குப் போன பெண்கள் குழந்தைக்குத் துளி அபினி கொடுத்துவிட்டுப் போனதாகப் படித்தபோது எனக்கு அதிர்ச்சியாக இல்லை. அந்த ஸ்பூன் எங்கள் வீட்டிலும் இருந்தது.

எங்கள் மாவட்டம் முட்டைக்குப் பேர் போனது. பண்ணையில் குஞ்சு வளர்ந்து முட்டை வைக்கத் தயாராகும்போது விளக்கு வெளிச்சத்தை ஒரேயடியாகக் கூட்ட மாட்டார்கள். வாரத்துக்கு அரை மணி, கால் மணி என்று கூட்டி, பகலும் விளக்குமாகச் சேர்த்துப் பதினாறு மணி நேரத்துக்குக் கொண்டுவருவார்கள். அதில் குளறுபடி செய்தால் கோழி மிரளும், முட்டை குறையும். என் தங்கை குழந்தைக்குச் செய்வதும் இதேதான். உடம்பு மெதுவாகத்தான் நகரும் என்பது நாமக்கல்லில் யாருக்கும் தெரியாத விஷயம் அல்ல. பட்டறையில் அந்த அறிவு ஏன் செல்லுபடியாகவில்லை என்றால், அங்கே குறைந்தது முட்டை இல்லை. அம்மாவின் தூக்கம் குறைந்தால் அது யாருடைய கணக்கிலும் நஷ்டமாக விழவில்லை.

சட்டம் இல்லையா? இருந்தது. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் இரவு ஏழு முதல் காலை ஆறு வரை பெண்களுக்கு வேலை கூடாது என்றது. முப்பது பெண்களுக்கு மேல் இருந்தால் குழந்தைகளுக்கு இடம் வேண்டும் என்றது. எங்கள் பட்டறையில் எட்டுப் பேர். அந்த இரவு வேலைத் தடையைப் பெண் தொழிலாளர்களே எதிர்த்து வழக்குப் போட, 2000 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. நான் அந்தத் தீர்ப்பின் பக்கம்தான். பெண்ணைப் பாதுகாக்கிறேன் என்று அவள் கூலியைப் பறிப்பது பாதுகாப்பு அல்ல. ஆனால் இரவு வேலைக்கு உரிமை வந்த கையோடு, அந்த இரவில் குழந்தை எங்கே தூங்கும் என்ற கேள்விக்கும் பதில் வந்திருக்க வேண்டும். வரவில்லை.

அரசுகளும் நேரத்தை நகர்த்தியிருக்கின்றன. உலகப் போரின்போது, 1942 செப்டம்பர் முதல் 1945 அக்டோபர் வரை, இந்தியாவில் கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னால் ஓடியது. மின் பற்றாக்குறையால் 1996இல் இலங்கை கடிகாரத்தை மாற்றியது. பத்து வருடம் கழித்து 2006 ஏப்ரலில் பழைய நேரத்துக்கே திரும்பியது. பிள்ளைகள் இருட்டில் பள்ளிக்கூடம் கிளம்ப வேண்டியிருந்தது அங்கே பெரிய பேச்சாக இருந்தது. நம் ஊரில் 2012இல் யாரும் கடிகாரத்தைத் தொடவில்லை, கரண்ட்டை மட்டும் நிறுத்தினார்கள். சென்னைக்கு இரண்டு மணி நேரம், எங்களுக்குப் பத்து மணி நேரத்துக்கும் மேல். ராத்திரி இரண்டு மணிக்குக் கரண்ட்டு வந்தால் தறி ஓடும், தறி ஓடினால் பெண்கள் எழுந்து போவார்கள். அந்த வருடம் எங்கள் தெருவில் எத்தனை வீடுகளில் ஸ்பூன் எடுத்தார்கள் என்று நான் கேட்கவில்லை. கேட்கத் தைரியம் வரவில்லை.

இதையெல்லாம் படித்துச் சேர்த்துக்கொண்டு ஒருநாள் அம்மாவிடம் சொன்னேன்: "அது உன் தப்பு இல்லம்மா. ஷிப்ட்டு அப்பிடி இருந்துச்சு." பெரிய மனசோடு சொல்வதாக நினைத்துக்கொண்டேன். அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது.

"ஓனரா வந்து ஊட்டுனாரு? நாந்தான் குடுத்தேன். தெரிஞ்சுதான் குடுத்தேன். ஒவ்வொரு நாளும் மூச்சு வருதான்னு மூக்குல வெரல வெச்சுப் பாத்துட்டுத்தான் படுப்பேன். நீ என்ன எனக்கு மன்னிப்புக் குடுக்கறது?"

பல நாள் அதை யோசித்துக்கொண்டிருந்தேன். அம்மாவைக் குற்றமற்றவராக்க நான் கண்டுபிடித்த வழி, அவரைத் தறியில் மாட்டிய ஒரு நாடாவாக்குவது. தள்ளினால் போகும், இழுத்தால் வரும். அவர் முடிவு செய்தவர் என்பதை நான் எடுத்துவிட்டேன். அதைத்தான் அவர் திருப்பிக் கேட்டார். தாய்மையைப் பற்றி நாம் எழுதும்போது இந்தத் தவறு அடிக்கடி நடக்கிறது. ஒன்று அவளைத் தண்டிக்கிறோம், இல்லையென்றால் பரிதாபப்படுகிறோம். இரண்டிலும் அவளிடம் எதையும் கேட்பதில்லை.

அதே சமயம், அம்மா ஏற்றுக்கொண்டார் என்பதால் முதலாளியின் கணக்கு நேராகிவிடாது. குற்றம் என்பது கூறுபோட்டு விற்கும் கறி இல்லை, ஒருவர் வாங்கிவிட்டால் மற்றவருக்கு மிச்சமில்லை என்பதற்கு. ஸ்பூன் பிடித்தது அம்மா. பன்னிரண்டு மணி நேரத்தை வைத்தவர் பட்டறைக்காரர். சத்தமில்லாமல் தூங்கியவர் அப்பா. பள்ளிக்கூடம் போனவள் நான். நால்வருக்கும் முழுக்கணக்கு இருக்கிறது. இதுவரை கேள்வி கேட்கப்பட்டது ஒருவரிடம்தான். (தம்பி நன்றாகத்தான் இருக்கிறான். ரிக் வண்டியில் வேலை. அவனுக்கும் ராப்பகல் கிடையாது.)

போன மாதம் தங்கை வீடியோவில் அம்மாவிடம் அட்டவணையைக் காட்டினாள். அம்மா கண்ணாடி போட்டுப் பார்த்தார்.

"அஞ்சு மணிக்கு எந்திரிச்சா எந்திரிக்கட்டும் கண்ணு. கூட எந்திரிக்கறது யாரு?"

"நாந்தாம்மா."

"மாப்பிள்ளை?"

"அவருக்கு ஆபீஸ் இருக்குதும்மா."

தங்கைக்கும் ஒன்பது மணிக்கு ஆபீஸ் உண்டு. அம்மா அதைச் சொல்லவில்லை, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். இரண்டு நாள் கழித்துத் தங்கை அட்டவணையை மறுபடி அனுப்பினாள். நேரங்களுக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு கட்டம் போட்டிருந்தாள். திங்கள், புதன், வெள்ளிக்கு மாப்பிள்ளை பெயர். அந்த வாரம் எப்படிப் போனது என்று நான் இன்னும் கேட்கவில்லை.