மகிமை தேவனுக்கு, நன்றி யாருக்கு?



இந்த மாதம் ஒரு கேள்வியை உங்கள் முன் வைக்கிறேன். சுகம் கொடுக்கிறவர் கர்த்தர் என்று விசுவாசிக்கிற நாம், மனுஷருக்கு நன்றி சொல்லலாமா? அப்படிச் சொன்னால், அவருக்குப் போக வேண்டிய மகிமையில் ஒரு பங்கை எடுத்து மனுஷன் கையில் கொடுத்ததாகுமா? பார்க்கச் சின்னக் கேள்விதான். ஆனால் நம் தெருவுக்கு வருகிற நர்சம்மாவை நாம் எப்படி நடத்துகிறோம், அவர்கள் கதவைத் தட்டினால் திறக்கிறோமா என்பதெல்லாம் இந்தக் கேள்விக்கு நாம் வைத்திருக்கிற பதிலில்தான் இருக்கிறது.

கேள்வி எழும்பின விதத்தைச் சொல்லுகிறேன். நம் சபைப் பிள்ளை ஒருத்தி வேலூரில் பொது சுகாதாரம் படித்து முடித்து ஊர் வந்தாள். தாமிரபரணிக் கரையில் வாழைத் தோட்டத்தில் வேலை செய்து அவளைப் படிக்க வைத்தவர்கள் அவள் பெற்றோர். ஞாயிறு ஆராதனையில் சாட்சி சொல்ல எழுந்தாள். கர்த்தரை ஸ்தோத்திரித்து ஆரம்பித்தவள், அப்புறம் பேர் பேராகச் சொல்ல ஆரம்பித்துவிட்டாள். கணக்கும் புள்ளிவிவரமும் புரியாமல் அழுதபோது ராத்திரி உட்கார்ந்து சொல்லிக்கொடுத்த கூடப் படித்தவர்கள், கிராமத்தில் ஒரு வீட்டுக்குள் எப்படி நுழைய வேண்டும், எங்கே செருப்பைக் கழற்ற வேண்டும் என்று கற்றுக்கொடுத்த சுகாதாரப் பணியாளர் அம்மா, பேராசிரியர், கடைசியில் ஜீப் டிரைவர் வரைக்கும்!

ஆராதனை முடிந்து வெளியே வரும்போது நம் மூப்பர் ஒருவர் அவளைக் கூப்பிட்டார். கோபமாக அல்ல, பாசமாகத்தான். "ஏ பிள்ள, சாட்சி நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா ஆண்டவர் பேரு ரெண்டு தடவ வந்துச்சு, மனுஷன் பேரு பத்து தடவ வந்துட்டே?" என்றார். அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "தாத்தா, அவங்களுக்கு நாங்க சொல்லலைன்னா வேற யாரும் சொல்ல மாட்டாங்க" என்றாள்.

இரண்டு பேர் வார்த்தையிலும் சத்தியம் இருப்பதாக எனக்குப் பட்டது. ஆகவே வேதத்தைத் திறந்துகொண்டு உட்கார்ந்தேன்.

மூப்பருடைய பயம் நியாயமான பயம். கன்வென்ஷன் என்றால் இயேசுவின் நாமத்தைவிட ஊழியக்காரர் முகம் பெரிதாக இருக்கிற பிளக்ஸ் போர்டுகளை நாம் பார்க்காமலா இருக்கிறோம்? லீஸ்திரா பட்டணத்தில் காளைகளையும் மாலைகளையும் கொண்டுவந்தபோது பவுலும் பர்னபாவும் வஸ்திரத்தைக் கிழித்துக்கொண்டு கூட்டத்துக்குள் ஓடினார்கள் (அப்போஸ்தலர் 14). ஏரோது ராஜாவோ வந்த புகழ்ச்சியை அப்படியே வாங்கி வைத்துக்கொண்டான். அவன் முடிவு நமக்குத் தெரியும் (அப்போஸ்தலர் 12). மனுஷனைத் தெய்வமாக்குகிற ஆபத்து நம் தேசத்தில் என்றைக்கும் உண்டு. பெந்தெகொஸ்தே மேடையிலும் உண்டு என்று சொன்னால் யாரும் வருத்தப்படக் கூடாது.

ஆனால் மாலையை உதறின அதே பவுல்தான் ரோமர் 16-ஆம் அதிகாரத்தையும் எழுதினார். அதை நாம் பிரசங்கத்துக்கு எடுப்பதில்லை. பேர் பட்டியல்தானே என்று தாண்டிப் போய்விடுகிறோம். பெபேயாள், பிரிஸ்கில்லாள், ஆக்கில்லா, மரியாள், பெர்சியாள் என்று இருபத்தைந்துக்கு மேற்பட்ட பேர்கள். பிரயாசப்பட்டவர்கள், கூடச் சிறையில் இருந்தவர்கள், வீட்டைத் திறந்து கொடுத்தவர்கள். நாலாம் வசனத்தைக் கவனியுங்கள். பிரிஸ்கில்லாளும் ஆக்கில்லாவும் பவுலுக்காகத் தங்கள் உயிரையே பணயம் வைத்தவர்கள். அவர்களுக்குத் தானும் நன்றி சொல்லுகிறதாக, புறஜாதி சபைகள் எல்லாமே நன்றி சொல்லுகிறதாக அங்கே எழுதுகிறார். மூல பாஷையில் அது யூகரிஸ்தேயோ என்ற சொல். இதே நிருபத்தின் முதல் அதிகாரம் எட்டாம் வசனத்தில் தேவனுக்கு ஸ்தோத்திரம் செலுத்த எடுத்த அதே சொல்லைத்தான் பதினாறாம் அதிகாரத்தில் கூடாரம் தைக்கிற ஒரு புருஷனுக்கும் பெண்ஜாதிக்கும் எடுக்கிறார்! தேவனுடைய மகிமை குறைந்துபோகும் என்று அவர் பயப்படவில்லை. இரண்டு நன்றிக்கும் அவர் இருதயத்தில் இடம் இருந்தது.

அந்தப் பட்டியலில் பேர் இல்லாதவர்களும் இருக்கிறார்கள். ரூப் என்பவரின் தாயார், நேரே என்பவரின் சகோதரி. அந்த அம்மாளின் பேர் நமக்குத் தெரியாது. பவுலுக்கும் தாயாக இருந்தவர்கள் என்பது மட்டும் தெரியும்.

இப்போது அந்தப் பிள்ளையின் வார்த்தைக்கு வருகிறேன். அவங்களுக்கு வேறு யாரும் சொல்ல மாட்டாங்க என்றாளே, அது ஏன்?

ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்த டாக்டருக்கு நன்றி சொல்ல ஆள் உண்டு. பிழைத்தவன் வருவான், பழம் வாங்கிக்கொண்டு அவன் பெண்ஜாதி வருவாள். ஆனால் பொது சுகாதார வேலை செய்கிறவனுடைய வெற்றி என்ன? நடக்காமல் போன காரியம்தான் அவன் வெற்றி. வராத காலரா. முடங்காத கால். நடக்காத ஒன்றுக்கு யார் வந்து சாட்சி சொல்லுவான்?

வயதானவர்களுக்கு நரம்புச் சிலந்தி ஞாபகம் இருக்கும். படிக்கிணற்றில் இறங்கித் தண்ணீர் எடுத்த ஊர்களில், அந்தத் தண்ணீரைக் குடித்தவர்களுக்குக் காலில் கொப்புளம் வந்து, முழ நீளத்துக்குப் புழு வெளியே வரும். கம்பியிலோ குச்சியிலோ சுற்றிச் சுற்றி நாள் கணக்கில் இழுப்பார்கள். அறுந்துபோனால் இன்னும் ஆபத்து. அதற்குத் தடுப்பூசி கிடையாது. துணியில் வடிகட்டிக் குடியுங்கள், புண்ணோடு தண்ணீரில் இறங்காதிருங்கள் என்று வீடு வீடாகச் சொல்லிச் சொல்லியே ஒழித்தார்கள். 1996-க்குப் பிறகு இந்தியாவில் ஒருவருக்கும் அது வரவில்லை. 2000-ல் தேசம் விடுபட்டது என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. நம் வாலிபர்களுக்கு அந்தப் பேரே தெரியாது. "எனக்கு நரம்புச் சிலந்தி வரலை, ஸ்தோத்திரம்" என்று நம் சபையில் யாராவது எழுந்து சொன்னதுண்டா?

பெரியம்மையும் அப்படியே. 1975-க்குப் பிறகு நம் தேசத்தில் அது இல்லை. வயது அறுபதைத் தொட்ட நம் பெரியவர்கள் தங்கள் புஜத்தில் இருக்கிற வட்டத் தழும்பைத் தடவிப் பார்க்கட்டும். குத்தினவர் யார்? எந்த ஊர்க்காரர்? சைக்கிளில் வந்தாரா, நடந்து வந்தாரா? அவர் வருகிறார் என்று தெரிந்து பிள்ளைகளை ஒளித்துவைத்த வீடுகள்தான் அதிகம்.

நடக்காத காரியத்துக்கு நன்றி சொல்ல முடியாது என்று ஒருவன் வாதம் பண்ணலாம். பண்ணட்டும். நாம் அப்படிச் சொல்ல முடியாது. நாகர்கோவில் பஸ்ஸில் போய்த் திரும்பி வந்து வீட்டில் முழங்கால்படியிட்டு, விபத்து இல்லாமல் காத்தீரே என்று துதிக்கிற ஜனம் நாம். 91-ஆம் சங்கீதத்தைத் தலையணை பக்கத்தில் வைத்துத் தூங்குகிற ஜனம். வராத தீங்குக்குத் தேவனைத் துதிக்கத் தெரிந்த நமக்கு, அந்தத் தீங்கை வரவிடாமல் அவர் நிறுத்தின காவல்காரனைக் கண்ணுக்குத் தெரியாமற்போவது எப்படி?

(இன்னொன்று. லேவியராகமம் 13-ல் ஆசாரியன் தோலைப் பார்த்து, ஏழு நாள் தனியே வைத்து, மறுபடியும் பார்க்கிறானே, அது என்ன வேலை? உபாகமம் 23-ல் பாளயத்துக்குப் புறம்பே மண்ணைத் தோண்டி மூடச் சொன்னது எதற்கு? சுகாதார ஆய்வாளர் வேலையைக் கர்த்தர் வனாந்தரத்திலேயே தொடங்கிவிட்டார் என்று நான் பைபிள் காலேஜில் படிக்கும்போதே வேடிக்கையாகச் சொல்லுவோம். இப்போது அது வேடிக்கையாகத் தெரியவில்லை.)

அந்தப் பிள்ளை படித்த வேலூரைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஐடா ஸ்கடர் அம்மையார் வாலிபப் பெண்ணாய் இருந்தபோது ஒரே ராத்திரியில் மூன்று பேர் வந்து கதவைத் தட்டின கதையை நாம் எல்லாரும் பிரசங்கத்தில் கேட்டிருக்கிறோம். ஆனால் அவர்கள் 1918-ல் பெண்களுக்கு ஒரு மருத்துவப் பள்ளியைத் தொடங்கினதை நாம் அவ்வளவாகச் சொல்லுவதில்லை. என் எண்ணத்தில் அதுதான் பெரிய காரியம். தான் ஒருத்தி எத்தனை கதவுக்குப் போக முடியும்? ஆகவே போகிறவர்களை உண்டாக்கினார்கள். இரண்டாம் தீமோத்தேயு 2:2-ல் பவுல் தீமோத்தேயுவுக்குச் சொன்ன ஒழுங்கும் அதுதான்: கேட்டவன் இன்னொருவனுக்குக் கற்றுக்கொடுக்க, அவன் மற்றவர்களுக்குக் கற்றுக்கொடுக்க வேண்டும்.

அதே வேலூருக்கு 1946-ல் பால் பிராண்ட் என்ற எலும்பு டாக்டர் வந்தார். கொல்லிமலையில் 1914-ல் மிஷனரி பெற்றோருக்குப் பிறந்தவர். அவரைச் செங்கல்பட்டு தொழுநோய் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டுபோய்க் காண்பித்தவர் ராபர்ட் காக்ரேன் என்ற தோல் டாக்டர். இத்தனை பேருடைய கைகால் முடங்கிக் கிடக்கிறதே, உங்களைப் போன்ற எலும்பு டாக்டர் ஒருவராவது வந்து பார்த்ததுண்டா என்கிற கேள்வியை அங்கே அவர் முன் வைத்தார். அந்தக் கேள்வியிலிருந்துதான் பிராண்டின் ஊழியமே பிறந்தது. தாம் அறிந்ததை எழுதின இடங்களில் காக்ரேனோடு நடந்த அந்த நாளை அவர் மறைக்கவில்லை.

பிராண்ட் கண்டுபிடித்தது என்ன? விரல்கள் தானாக அழுகி விழுகிறதில்லை. வலி தெரியாததால்தான் சூட்டிலும் முள்ளிலும் பட்டுப் பட்டுப் போகிறது. முடங்கின கையை ஆபரேஷன் செய்து நிமிர்த்தினார், மெய்தான். ஆனால் அதோடு மெத்தென்ற ரப்பரில் எம்.சி.ஆர். செருப்பு, தினமும் ராத்திரி பாதத்தைத் திருப்பிப் பார்க்கிற பழக்கம், இவையும் வேலூரிலும் காட்பாடி பக்கத்துக் கரிகிரியிலும் உண்டாகிப் பரவின. செருப்பு தைத்தவர் பேர் யாருக்குத் தெரியும்? போகாத விரலுக்கு யார் நன்றி சொன்னார்கள்? லூக்கா 17-ல் திரும்பி வராத ஒன்பது பேருக்காவது தாங்கள் சுகமானது தெரியும். நமக்கோ நாம் தப்பினதே தெரியாது!

இதனால்தான் அப்படிப்பட்ட பள்ளிகளில் படித்தவர்கள் தங்கள் ஆசான்களையும் கூட வேலை செய்தவர்களையும் பேர் சொல்லி நினைக்கிறார்கள். தப்புவிக்கப்பட்டவன் வந்து சொல்ல மாட்டான், கற்றுக்கொண்டவன்தான் சொல்ல வேண்டும். அந்தப் பிள்ளை மேடையில் செய்தது மனுஷத் துதி அல்ல. நாம் எல்லாரும் சேர்ந்து கட்ட வேண்டிய கடனில் தன் பங்கை அவள் கட்டினாள்.

பார்வோனின் பானபாத்திரக்காரன் யோசேப்பை மறந்தான். மறந்ததால் யோசேப்பு இன்னும் இரண்டு வருஷம் சிறையில் கிடந்தார். நன்றி மறப்பதால் நஷ்டம் இன்னொருவனுக்கு வரும் என்பதற்கு ஆதியாகமத்திலேயே சாட்சி இருக்கிறது. நம் நாட்களிலும் பாருங்கள். 2017-ல் தட்டம்மை ரூபெல்லா தடுப்பூசி பள்ளிக்கூடங்களில் போட வந்தபோது வாட்ஸ்அப்பில் என்னென்ன வதந்தி வந்தது! பெற்றோர் பயந்து பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் வைத்துக்கொண்டார்கள். முப்பது வருஷமாக வெயிலில் வந்து நம் பிள்ளைகளுக்குச் சொட்டு மருந்து கொடுத்தவர்களின் வார்த்தையைவிட, யார் என்றே தெரியாத ஒருவன் அனுப்பின செய்தி நமக்குப் பெரிதாயிற்று. ஏன்? அவர்கள் யார் என்று நாம் ஒருநாளும் கேட்டதில்லை. நாம் நன்றி சொல்லாதவர்கள் நமக்கு அந்நியர். அந்நியரை நம்புகிறது கஷ்டம். அதில் நஷ்டப்படுகிறது நாம் அல்ல, நம் பிள்ளைகள்.

அவர்களில் அநேகர் விசுவாசிகள் அல்லவே என்று சிலர் கேட்கலாம். மெலித்தா தீவில் மழையிலும் குளிரிலும் நனைந்து கரையேறினவர்களுக்கு நெருப்பு மூட்டிக் கொடுத்தவர்கள் விசுவாசிகளா? அவர்கள் காண்பித்த அன்பை லூக்கா எழுதிவைத்தார் (அப்போஸ்தலர் 28). லூக்காவே ஒரு வைத்தியர். திரும்பி வந்த அந்தப் பத்தாவது குஷ்டரோகியும் ஒரு சமாரியன்தான்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தாமிரபரணி பெருகி, ஜங்ஷனும் கொக்கிரகுளமும் தண்ணீரில் நின்றதை நாம் மறக்க முடியாது. தண்ணீர் வடிந்த பிறகு சேற்றில் நின்று பிளீச்சிங் பவுடர் தூவினவர்களையும், ஆற்று நீர் கலந்த தொட்டிகளைக் கழுவிக் குளோரின் போட்டவர்களையும் நாம் கண்ணாலே பார்த்தோம். வெள்ளத்திலிருந்து காத்ததற்கு ஸ்தோத்திர ஜெபம் வைத்தோம், அது சரி. வெள்ளத்துக்குப் பின்வருகிற வாந்திபேதியிலிருந்து காத்ததற்கு?

அடுத்த மாத ஸ்தோத்திர ஆராதனைக்கு நம் பகுதி கிராம சுகாதார செவிலியரையும், தூய்மைப் பணியாளர்களையும், தெருவுக்குத் தண்ணீர் திறந்துவிடுகிற அண்ணாச்சியையும் அழைப்பது என்று மூப்பர்கள் கூடித் தீர்மானித்திருக்கிறோம். மாலை, சால்வை கிடையாது. பேர் சொல்லி நன்றி சொல்லுவோம், அவர்கள் குடும்பங்களுக்காக ஜெபிப்போம், கூட உட்கார்ந்து சாப்பிடுவோம். நேரில் போய்க் கூப்பிட்டபோது அண்ணாச்சி தயங்கினார். "நான் மாடன் கோயில்காரம்லா, பாஸ்டரய்யா, நான் வரலாமா?" என்றார். உங்களுக்காகத்தான் அண்ணாச்சி ஆராதனையே என்று சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை ஒன்பது மணிக்குத் தண்ணீர் திறக்க வேண்டுமாம். அதை முடித்துவிட்டு வருவதாகச் சொல்லியிருக்கிறார்.